நெருங்கிய நண்பர் ஒருவர்

சென்னை,
12-10-1937

அன்புள்ள அக்காவுக்கு வேதசிரோமணி எழுதுவது.

உயிரோடும் உடம்போடும் இருக்கிறேன். நீயும் உன் போர்டிங் பிள்ளைகளும் காய்ச்சல் கீய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் மழை தொடங்கிவிட்டதா? இங்கே வானம் மிரட்டுவதோடு சரி.

நீ வெட்டி அனுப்பிய பத்திரிகைத் துண்டு கிடைத்தது. ‘பேப்பர்காரர்களிடம் வாய் கொடுக்காதே’ என்று ஓரத்தில் எழுதியிருந்தாய். நான் வாய் கொடுத்தது ஒரே ஒரு தடவை. போன வருஷம் ஒருவர் வந்து, சிறு வயதில் டென்னிஸ் எப்படிப் பழகினீர்கள் என்று கேட்டார். விளையாட்டாக, ‘புளியங்காயைத் தூக்கிப் போட்டு அடித்துப் பழகினேன்’ என்றேன். மனிதர் சிரிக்கவே இல்லை, எழுதிக்கொண்டு போய்விட்டார். ராஜபாளையத்தில் ஒரு புளியமரத்திலும் காய் தங்கவில்லை என்று தங்கச்சாமியின் அம்மா ஆள் வைத்து எழுதினாள். அன்று முதல் யார் என்ன கேட்டாலும் ஒரு கும்பிடு, ஒரு நடை. அதற்கும் பேர் வைத்துவிட்டார்கள், ஊமைச் சிரோமணி என்று.

ஜனங்கள் அதற்கு மேல். ஜெயித்த அன்று ஒருவர் என் கையை இழுத்துத் தன் மகன் தலையில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் தோற்றேன். அதே மனிதர் வேலி ஓரம் நின்று, ‘தின்ற சோறு செரிக்கலையோ’ என்று கத்தினார். முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எந்த நாளில் அவர் பேசியது உண்மை என்றுதான் தெரியவில்லை.

இனி எழுதுவது உனக்கு மட்டும். என் வலது தோள் சரியாக இல்லை. கையைத் தலைக்கு மேல் தூக்கினால் உள்ளே எதுவோ கிழிகிறது. தங்கச்சாமி தினமும் காலையில் எண்ணெய் சுட வைத்துத் தேய்த்துவிடுகிறான். ஒரே கம்பெனியில் வேலை, ஒரே அறை, இரட்டையர் ஆட்டத்திலும் அவன்தான் ஜோடி. அவனுக்குத் தெரியாமல் எதை மறைப்பது? மார்கழியில் மாகாணப் போட்டி வருகிறது. அதுவரை இது உங்கள் இரண்டு பேரையும் தாண்டிப் போகக் கூடாது.

உன் தம்பி,
வேதம்

---

ஸ்ரீவில்லிபுத்தூர்,
20-10-1937

கர்த்தர் காக்கும் என் தம்பி வேதத்துக்கு அக்காள் ஏசம்மாள் எழுதியது.

இங்கே பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சுகம். எனக்குப் பல்வலி மட்டும் இருந்தது, பிடுங்கியாயிற்று. மழை கொட்டுகிறது. செண்பகத்தோப்புப் பக்கம் ஓடையில் தண்ணீர் வந்துவிட்டதென்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். போகும்போது இருபத்திரண்டு பேர். திரும்பும்போதும் இருபத்திரண்டு பேர் இருந்ததால் தேவனுக்கு ஸ்தோத்திரம்.

திரும்பும் வழியில் மிஷன் பங்களாவுக்குள் எட்டிப் பார்த்தேன். நம் கோர்ட்டில் இப்போது ஆடு மேய்கிறது. துரை சீமைக்குப் போனதோடு அதுவும் சீமைக்குப் போன மாதிரிதான். துரை வத்திராயிருப்புப் பக்கம் கிராம ஊழியத்துக்குக் கிளம்பினால் நமக்குக் கொண்டாட்டமாக இருந்ததே, நினைவிருக்கிறதா? நம் அய்யா உபதேசியாராக அவரோடு வண்டியில் போய்விடுவார். தங்கச்சாமியின் அப்பா தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விடுவார். நீயும் அவனும் வலைக்கு அந்தப் பக்கம், நான் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு இந்தப் பக்கம். எண்ணிக்கை சொல்லும்போது ‘லவ்’ என்று சொல்ல எனக்கு வெட்கம். உபதேசியார் மகள் அப்படிச் சொல்லலாமா? ‘சைபர்’ என்பேன். தங்கச்சாமி கடைசிவரை அதுதான் இங்கிலீஷ் என்று நினைத்திருந்தான்.

நம்மைப் பார்க்க யார் இருந்தார்கள்? பால்காரி கருத்தம்மாவும் அவளுடைய எருமையும். கருத்தம்மா, ‘எம்புட்டு நேரம்தான் ஒரு பந்தை அடிப்பிய’ என்று கேட்டுவிட்டுப் போய்விடுவாள். எருமை எதையும் எழுதிக்கொண்டு போகவில்லை. நீ இன்றுவரை ஆடிய ஆட்டங்களில் அவைதான் நல்ல ஆட்டம் என்பது என் கட்சி.

தோளைப் பற்றி எழுதியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் யாரிடமும் மூச்சுவிட மாட்டேன். ஜெபத்தில் வைத்திருக்கிறேன். அங்கே வைத்துவிட்டால் அப்புறம் நமக்கு என்ன பயம்?

தங்கச்சாமியை நன்றாகச் சாப்பிடச் சொல். உனக்கு எண்ணெய் தேய்த்துத் தேய்த்து அவன் கை இற்றுப்போகும்.

ஆசீர்வாதத்துடன்,
ஏசம்மாள்

---

சென்னை,
22-12-1937

அக்காவுக்கு,

சுகம் விசாரித்து எழுத மனம் வரவில்லை. நீயாவது சுகமாக இரு.

தோற்றுவிட்டேன். தோற்றதற்காக இதை எழுதவில்லை. சனிக்கிழமை காலைப் பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ‘சிரோமணியின் வலது தோள் பழுது. மூன்று மாதமாக வெளியே தெரியாமல் மறைத்துவருகிறார். இதை அவருடைய நெருங்கிய நண்பர் ஒருவர் தெரிவித்தார்.’ அதோடு விட்டார்களா? தோற்றால் சொல்ல ஒரு சாக்கை முன்கூட்டியே தயார் செய்கிறார் போலும் என்று ஒரு குத்தல் வேறு.

மத்தியானம் ஆட்டம். எதிர்த்து ஆடிய லாகூர்க்காரன் அதைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தான், அல்லது யாரோ படித்துச் சொல்லியிருந்தார்கள். முதல் செட் என்னுடையது. அதன் பிறகு ஒவ்வொரு பந்தையும் என் தலைக்கு மேலே உயரத் தூக்கிப் போட ஆரம்பித்தான். கையை உயர்த்தாமல் அடிக்க முடியாது, உயர்த்தினால் கண் இருட்டுகிறது. மூன்றாவது செட்டில் பந்து விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ‘தோள் எங்கே, தோள் எங்கே’ என்று கூட்டம் கைதட்டிப் பாடியது. அந்த மெட்டுகூட நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் அறைக்கு வந்ததும் தங்கச்சாமியின் டிரங்குப் பெட்டியைத் தூக்கி வராந்தாவில் வைத்தேன்.

‘ஏலே, நான் சொல்லலைலே’ என்றான்.

‘அப்ப யாரு சொன்னது, எங்கக்காவா?’ என்று கேட்டேன்.

அவன் என் முகத்தையே செத்த நேரம் பார்த்தான். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான். குற்றம் இல்லாதவன் பேசியிருப்பான் அல்லவா? அவனோடு இனி ஆட முடியாது என்று கம்பெனியிலும் சொல்லிவிட்டேன். ஆட்டத்துக்காக அவனுக்குக் கொடுத்த வேலைதான், அதனால் அவன் வேலையும் போய்விட்டது. அதற்கு நான் என்ன செய்ய?

அவன் பேரை நீ இனி எனக்கு எழுதாதே.

வேதம்

---

ஸ்ரீவில்லிபுத்தூர்,
3-1-1938

தம்பி வேதத்துக்கு,

நான் சுகம். புது வருஷத்தின் ஆசீர்வாதம் உனக்கு உண்டாவதாக.

கிறிஸ்மஸுக்குப் பிள்ளைகள் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டதால் போர்டிங் வெறிச்சென்று இருக்கிறது. பனி அதிகம். நீ எழுதியதைப் படித்தேன், இரண்டு மூன்று தடவை படித்தேன். தோளுக்கு ஒத்தடம் கொடு. வேறு எழுதத் தோன்றவில்லை.

ஏசம்மாள்

---

ராஜபாளையம்,
9-1-1938

உ

மரியாதைக்குரிய ஏசக்கா அவர்களுக்குத் தங்கச்சாமி எழுதிக்கொண்டது. இங்கே அம்மா நலம், நானும் நலம். உங்கள் நலத்தைத் தெரிந்துகொள்ள ஆசை.

ஊருக்கு வந்துவிட்டேன். மில்லில் நூல் சுற்றும் பகுதியில் சேர்ந்திருக்கிறேன். நாள் முழுக்க நிற்கிற வேலை. பஞ்சு தூசி மூக்கில் ஏறுகிறது, மற்றபடி குறை இல்லை.

வேதம் உங்களுக்கு எழுதியிருப்பான். நான் சொல்லவில்லை அக்கா. இதை ஒரு தடவை மட்டும் உங்களிடம் சொல்லிக்கொள்கிறேன், இனிச் சொல்ல மாட்டேன்.

ஊரில் அந்தப் பேப்பரைப் படிக்காதவர்கள் இல்லை. படிக்கத் தெரியாதவர்களுக்கு டீக்கடையில் வாசித்துக் காட்டினார்களாம். வெள்ளைத்தாயை எனக்குப் பேசி வெற்றிலை பாக்கு மாற்றியிருந்தது உங்களுக்குத் தெரியும். அவள் அப்பா சிவனாண்டி எங்கள் மில்லில் மேஸ்திரி. அவர் வந்து, ‘கூட ஒரே தட்டுல சாப்பிட்டவனையே காட்டிக் குடுத்திருக்கே. எம்மகளை எப்பிடி வச்சிருப்பே’ என்று அம்மாவின் முன்னால் கேட்டுவிட்டு, மாற்றிய வெற்றிலையைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். அம்மா இரண்டு நாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை.

வேதத்தின் தோளுக்கு விளக்கெண்ணெய் வேண்டாம், வேப்பெண்ணெய்தான் கேட்கும் என்று நீங்கள் எழுதுவதுபோல எழுதுங்கள். நான் சொன்னதாக வேண்டாம்.

பணிவுடன்,
தங்கச்சாமி

---

ஸ்ரீவில்லிபுத்தூர்,
19-2-1938

தங்கச்சாமிக்கு ஏசம்மாள் எழுதியது.

உன் அம்மா எப்படி இருக்கிறாள்? மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்.

உன் கடிதத்துக்கு ஆறு வாரம் கழித்துப் பதில் எழுதுகிறேன். பரீட்சை வேலை என்று ஒரு பொய்யை எழுதிப் பார்த்தேன், கை ஓடவில்லை. அதைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

எங்கள் வெள்ளிக்கிழமைப் பெண்கள் கூட்டம் உனக்குத் தெரியும். யார் யாருக்கு என்ன கஷ்டமோ, அதை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவோம். செயலாளர் அன்னத்தாய் ஒவ்வொன்றாக வாசிப்பாள், எல்லோரும் முழங்காலில் நின்று ஜெபிப்போம். மாமியார் கொடுமை, கடன், பிள்ளையில்லாக் குறை, எல்லாம் அந்தப் பெட்டியில் விழும். கூட்டத்தில் கேட்டதை வெளியே பேசக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தை நம்பி நான் எழுதினேன்: ‘என் தம்பி வேதசிரோமணியின் வலது தோள் மார்கழிப் போட்டிக்குள் சுகமாகும்படி.’ ஆண்டவரிடம்தானே சொல்கிறோம் என்று நினைத்தேன். ஆண்டவருக்குப் பக்கத்தில் முப்பது பெண்கள் உட்கார்ந்திருந்தது எனக்கு உறைக்கவில்லை.

அன்னத்தாயின் வீட்டுக்காரர் ஊர்ச் செய்திகளைச் சென்னைப் பேப்பருக்கு எழுதி அனுப்புகிறவர். சாப்பிடும்போது அவள் சொல்லியிருக்கிறாள். நம் ஊர்ப் பிள்ளைக்காக மாகாணமே ஜெபம் பண்ணட்டும் என்று நல்லெண்ணத்தில் அவர் எழுதி அனுப்பியிருக்கிறார். சென்னையில் ஜெபத்தை வெட்டிவிட்டு, நெருங்கிய நண்பர் ஒருவரை ஒட்டிவைத்திருக்கிறார்கள். நான் வீட்டுக்குப் போய்க் கேட்டபோது அன்னத்தாயின் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆனால் திருத்தம் போடச் சொல்லி எழுத மாட்டாராம். எழுதினால் இனி அவர் செய்தியை வாங்க மாட்டார்களாம்.

ஆக, சொன்னவள் நான். பேப்பரைப் பார்த்த அன்றே எனக்குத் தெரியும். உன் பெட்டி வராந்தாவுக்குப் போனதை வேதம் எழுதியபோதும் தெரியும். தெரிந்துகொண்டே, ‘ஒத்தடம் கொடு’ என்று பதில் எழுதினேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை, தங்கச்சாமி. நான் என்ன செய்யட்டும்?

ஏசம்மாள்

---

ராஜபாளையம்,
24-2-1938

உ

ஏசக்காவுக்குத் தங்கச்சாமியின் வணக்கம். அம்மா எழுந்து நடமாடுகிறாள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அன்றைக்கே தெரியும் அக்கா. ‘எங்கக்காவா’ என்று அவன் கேட்டான் பாருங்கள், அந்த நிமிஷம் எனக்குப் பளிச்சென்று தோன்றிவிட்டது. தெரிந்தவர்கள் இரண்டே பேர். நான் சொல்லவில்லை. அதனால்தான் பேசாமல் பெட்டியை எடுத்தேன். இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் அவனுக்கும் தோன்றியிருக்கும்.

அவனிடம் சொல்லாதீர்கள். ஊரெல்லாம் அவனைப் பார்க்கிறது. அவன் நிமிர்ந்து பார்க்க உங்கள் முகம் ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் போனால் எதைப் பார்த்து நடப்பான்? எனக்கு அம்மா இருக்கிறாள், மில் இருக்கிறது. பேர் போனால் போகட்டும், பத்து வருஷத்தில் ஜனங்களுக்கு மறந்துபோகும்.

ஆடி முடித்ததும் நீங்கள் கிணற்றடியில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே செம்பில் தண்ணீர் கொடுப்பீர்கள். யார் முதலில் குடிப்பது என்று சண்டை வரும். தோற்றவன் முதலில் குடிக்கட்டும் என்று நீங்கள் தீர்ப்புச் சொல்வீர்கள். அதற்காகவே நான் எத்தனை தடவை தோற்றிருக்கிறேன் தெரியுமா?

பணிவுடன்,
தங்கச்சாமி

---

சென்னை,
11-4-1938

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன். நீ ஏன் இப்போதெல்லாம் நாலே வரி எழுதுகிறாய்? உடம்புக்கு ஏதாவது இருந்தால் மறைக்காதே.

டாக்டர் மார்ச்சில் பார்த்தார். கை இனித் தலைக்கு மேல் சுகமாக ஏறாது என்று சொல்லிவிட்டார். அதை அவர் யாரிடமாவது சொல்லிவிடுவாரோ என்று மறுநாள் போய் மறுபடி அவரை எச்சரித்துவிட்டு வந்தேன். மனிதர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அறையைப் பூட்டிவிட்டு வெளியே போனால், பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பி வருகிறேன். புது ஜோடி கொடுத்தார்கள், அவன் நல்ல பையன். அவன் என் அருகில் வந்து நின்றாலே வாயை மூடிக்கொள்கிறேன்.

காலையில் எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்க்கும்போது மட்டும் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. இடது கையால் வலது தோளைத் தேய்க்க முடிகிறது, ஆனால் அது தேய்ப்பதாகாது.

ராஜபாளையத்தில் எனக்கு வரவேற்பு வைக்கிறார்களாம். வர மாட்டேன் என்று எழுதிவிட்டேன். காரணம் உனக்குத் தெரியும். இந்த உலகத்தில் நான் நம்புவதற்கு இனி நீ ஒருத்திதான். நீயாவது பெரிய கடிதமாக எழுது.

வேதம்

---

ஸ்ரீவில்லிபுத்தூர்,
30-4-1938

என் தம்பி வேதத்துக்கு,

நீ கேட்டபடி பெரிய கடிதம் எழுத உட்கார்ந்தேன். எழுத வேண்டியது சிறியதுதான். முதலில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் படி.

தங்கச்சாமி சொல்லவில்லை. நான் சொன்னேன். உன் தோளுக்காக வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சீட்டு எழுதிப் போட்டேன். அதை வாசித்த அன்னத்தாய் தன் வீட்டுக்காரரிடம் சொன்னாள், அவர் பேப்பருக்கு எழுதினார். ஜெபத்தில் வைத்திருக்கிறேன் என்று உனக்கு நான் எழுதினேனே, அது எந்த ஜெபம் என்று எழுதவில்லை. நண்பர் என்ற பேச்சே இவர் எழுதியதில் இல்லை. அது சென்னையில் யாரோ மேஜையில் உட்கார்ந்து சேர்த்தது. இந்த நாலு மாதமும் உண்மையை வாய்க்குள் வைத்துக்கொண்டு உன் ‘அன்புள்ள அக்காவுக்கு’ என்ற வரியைப் படித்துக்கொண்டிருந்தேன். என்னை மன்னி என்று கேட்கிறேன். மன்னிக்காவிட்டாலும் நான் உன் அக்காள்தான், அதை நீயோ நானோ மாற்ற முடியாது.

அப்புறம் ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் யோசி. பேப்பரில் வருவதெல்லாம் புளுகு என்று எத்தனை கடிதத்தில் எழுதியிருக்கிறாய்? புளியங்காய் புளுகு, ஊமை புளுகு, தலைக்கனம் புளுகு. ‘நெருங்கிய நண்பர் ஒருவர்’ என்பது மட்டும் எப்படியப்பா உனக்கு வேதவாக்காகிவிட்டது? பதினெட்டு வருஷம் கூட நின்று ஆடியவன் ‘நான் சொல்லலை’ என்றான். முகம் தெரியாத ஒருவன் ‘சொன்னான்’ என்றான். நீ முகம் தெரியாதவனை நம்பினாய். தப்பில் என் பங்கு பெரியது, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெட்டியைத் தூக்கியது என் கை இல்லை.

அவன் எனக்கு எழுதியதை இதோடு வைத்திருக்கிறேன். எனக்கு வந்த கடிதத்தை இன்னொருவருக்குக் காட்டுவது தப்பு. ஏற்கெனவே செய்த தப்புக்கு இது ஒன்றும் அதிகமில்லை.

ஏசம்மாள்

---

ஸ்ரீவில்லிபுத்தூர்,
2-7-1938

தம்பி வேதத்துக்கு அக்காள்.

இரண்டு மாதமாயிற்று. மே மாதம் நான் எழுதிய இன்னொரு கடிதத்துக்கும் பதில் இல்லை. தபால்காரரைக் கண்டால் பிள்ளைகள்கூட ‘டீச்சர், இல்லையாம்’ என்று தூரத்திலிருந்தே கைகாட்டிவிடுகிறார்கள். நீ உயிரோடு சுகமாக இருக்கிறாய் என்று பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். பாவம், அவர்களாலும் ஒரு உபகாரம்.

உன் கோபம் எனக்கு நியாயம்தான். அதைக் குறைக்கச் சொல்லி இதை எழுதவில்லை. இந்த இடைவெளியில் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். பெண்கள் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அன்னத்தாய் அழுதாள். இப்போது ஒருவரும் பெட்டியில் சீட்டுப் போடுவதில்லை. வாயால்கூட யாரும் ஒன்றும் கேட்பதில்லை. பிறகு பஸ் ஏறி ராஜபாளையம் போய்ச் சிவனாண்டி வீட்டு வாசலில் நின்றேன். அவர் மரியாதையாக உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார். முழுக்கக் கேட்டார். கடைசியில் என்ன சொன்னார் தெரியுமா?

‘டீச்சரம்மா, ஒங்க மனசு பெரிசு. சின்ன வயசுல கூட ஆடுன பயலாச்சேன்னு பழியைத் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டு வாரிய. ஆனா பேப்பர்லயே சிநேகிதன்னு போட்டுட்டானே. அவிய விசாரிக்காமலா போடுவாக?’

வாசலில் இருந்த நாலு பேரும் அதற்குத் தலையாட்டினார்கள். அச்சில் வந்ததை என் வாயால் அழிக்க முடியவில்லை, வேதம். நான் வெறும் டீச்சர், அதுவும் இளகிய மனசுக்காரி என்று பேர் எடுத்தவள். தங்கச்சாமி மில் வாசலில் நுழையும்போது இப்போதும் ‘பேப்பர் வந்துட்டான், வாயை மூடுங்க’ என்கிறார்களாம். வெள்ளைத்தாய்க்கு வேறு இடம் பார்க்கிறார்கள்.

அந்த ஊரில் எல்லோரும் நம்பக்கூடிய வாய் ஒன்றுதான் இருக்கிறது. அந்த வாயை நீ இரண்டு வருஷமாகப் பூட்டி வைத்திருக்கிறாய். எனக்குப் பதில் எழுத வேண்டாம். என்னை மன்னிக்கவும் வேண்டாம். அவனுக்காக அதை ஒரு தடவை திற.

ஏசம்மாள்

---

ராஜபாளையம்,
4-8-1938

உ

ஏசக்காவுக்குத் தங்கச்சாமி எழுதிக்கொள்வது. அம்மா சுகம், நான் சுகம், இன்னொருவரும் சுகம்.

திங்கட்கிழமை மத்தியானம் மில்லில் சங்கு ஊதி, ஒரு ஷிப்டு வெளியே வந்து மறு ஷிப்டு உள்ளே போகிற நேரம். வாசலில் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால் வேதம். ரயிலில் வந்து இறங்கி நேரே நடந்து வந்திருக்கிறான். நானூறு பேர் சுற்றி நிற்கிறார்கள். தொடுகிறவர்கள் தொடுகிறார்கள், சட்டையைப் பிடித்து இழுக்கிறவர்கள் இழுக்கிறார்கள். ஒருவன் ‘ஒரு சர்வீஸ் போட்டுக் காமிங்க’ என்று கட்டையை நீட்டுகிறான். வழக்கம்போலக் கும்பிட்டுவிட்டு நடந்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் அங்கே நின்ற பஞ்சு வண்டியில் ஏறிவிட்டான். என்னையும் பெயர் சொல்லி ஏறச் சொன்னான். நான் பின்வாங்கினேன் அக்கா. இரண்டு பேர் தூக்கி ஏற்றிவிட்டார்கள்.

அவன் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

‘என் கை தலைக்கு மேல ஏறாது. அது நெசம். பேப்பர்ல அதைச் சரியாத்தான் போட்டிருந்தான். கூட இருந்தவன் சொன்னான்னு போட்டான் பாருங்க, அதுதான் பொய். இவன் சொல்லலை. பேப்பர்ல வாரது அம்புட்டும் பொய்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இந்த ஒரு பொய்யை மட்டும் நம்பி, இவன் பெட்டியைத் தூக்கி வெளிய வச்சேன். இவன் வேலை போனது என்னால. இவன் பேர் போனதும் என்னால. நீங்க எல்லாரும் கேக்கணும்னுதான் இங்க வந்து சொல்றேன். தங்கச்சாமி, என்னை மன்னிச்சிரு.’

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவர், ‘பொறவு யாருதான் சொன்னது?’ என்று கேட்டார்.

வேதம் அவரைப் பார்த்து, ‘நான்தான். என் கையால எழுதுன கடுதாசியில இருந்துதான் அது வெளிய போச்சு. வேற யாரையும் தேட வேண்டாம்’ என்றான்.

உங்கள் பேரை எடுக்கவில்லை அக்கா. பஞ்சு பொறுக்குகிற ஒரு தெலுங்குப் பாட்டி மட்டும் அவன் தோளைப் பார்த்து ‘பாபம், பாபம்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் வண்டியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். நானூறு பேர் பார்க்க அழுதது வெட்கமாகத்தான் இருக்கிறது.

சிவனாண்டி கூட்டத்தில்தான் நின்றிருந்தார். அன்றைக்கே பொழுது சாயும் முன்னே வெற்றிலைத் தட்டோடு வந்துவிட்டார். ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார். அம்மா உடனே சரி சொல்லவில்லை. இரண்டு நாள் காக்க வைத்துவிட்டுத்தான் தட்டை வாங்கினாள். நீங்கள் முதல் நாளே வந்துவிட வேண்டும்.

இன்று பேப்பர் வந்தது. அந்தக் கூட்டத்தில் பேப்பருக்கு எழுதுகிறவரும் ஒருவர் இருந்தாராம். ‘பிரபல டென்னிஸ் வீரர் ராஜபாளையத்துக்கு விஜயம் செய்து, மில் நூலின் தரத்தைப் புகழ்ந்தார்’ என்று இரண்டு வரி. நூலைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் படித்துக் காட்டினேன், விழுந்து விழுந்து சிரிக்கிறான். அவன் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

நாலு நாளாக இங்கேதான் இருக்கிறான். உங்களைப் பற்றி அவன் ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அக்காவுக்கு ஒரு வரி எழுது என்று நேற்றுச் சொன்னேன், எழுந்து போய்விட்டான். இன்று இதை எழுதி முடிக்கும் நேரத்தில் பக்கத்தில் வந்து நின்று, பேனாவைக் கொடு என்கிறான். கீழே இருப்பது அவன் எழுத்து. தோள் வலியால் கோணலாக இருக்கும்.

பணிவுடன்,
தங்கச்சாமி

அக்கா, தோள் இன்னும் வலிக்கிறது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சொல்லி ஜெபம் பண்ணச் சொல். வேதம்.